மரத்த கைக்கு ஏழு ஊசி

என் கணவரின் கையில் ஊசி குத்திப் பார்த்தவர்கள் மொத்தம் ஏழு பேர். அதில் ஒருவர்தான் டாக்டர். மற்ற ஆறு பேருக்கும் அந்த உரிமையை யார் கொடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊரையெல்லாம் திட்டிவிட்டு தன்னை விட்டுவிட்டாள் என்று யாரும் பேசக் கூடாது.

என் பெயர் தையல்நாயகி. அவர் பெயர் அய்யாவு. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து மூன்று மைல் தள்ளி எங்கள் ஊர். பத்து மா நிலம், மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, குத்தகைக்குப் பார்த்தோம். நிலத்துக்காரர் பஞ்சாபகேசன் மெட்ராஸில் பாங்கு உத்தியோகத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து, வரப்பில் நின்று, "எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவருக்காக இங்கே எல்லாவற்றையும் ஆண்டவர் காரியக்காரர் ரெத்தினம்.

அறுபத்தேழில் ஆட்சி மாறி நாலாவது வருஷம் அது. குத்தகைக்காரர்கள் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால், நினைத்தபோது "எந்திரிச்சுப் போ" என்று யாரும் சொல்ல முடியாது. என் மாமனார் காலத்திலிருந்து உழுத நிலத்துக்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. மனுக் கொடுத்தோம். ரெத்தினம் ஆட்சேபம் கொடுத்தார். தை அறுப்பின்போது தாசில்தார் வயலுக்கே வந்து விசாரிப்பார் என்று பதில் வந்தது.

சந்தைத்திடல் கூட்டத்துக்கெல்லாம் என் வீட்டுக்காரர் தவறாமல் போவார். "உழுபவனுக்கே நிலம்" என்று மைக்கில் கத்தியதைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் எனக்கு ஒருமுறை கத்திக் காட்டுவார். அதிலிருந்து அவர் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஆம்பிளை வயலில் இறங்கி உழைக்க வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும், அப்போதுதான் பெயர் ஏறும். எங்கள் தலையில் கல் விழுந்தது அந்தப் புரிதலால்தான்.

அந்த ஐப்பசியில் நடவு முடிந்த கையோடு ஆரம்பித்தது. முதலில் வலது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு தையலு" என்றார்.

கழுவிப் பார்த்தார், எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். பத்து நாளில் இடது கைக்கும் வந்தது. பிறகு ஊர்வதும் நின்று விரல்கள் மரத்துவிட்டன. ஒருநாள் பீடி விரலிடுக்குவரை எரிந்து தோலைச் சுட்டது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். கருகல் நாற்றம் வந்து நான்தான் தட்டிவிட்டேன். சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆனது. சோறு பாதி வாய்க்கு, பாதி மடிக்கு. செருப்பு ஒன்று பின்னால் கழன்று கிடக்கும், அவர் பத்தடி தாண்டிப் போயிருப்பார். வரப்பில் கால் விறைத்துக்கொண்டு, ஒருநாளும் குடிக்காத மனுஷன் குடிகாரனைப்போல் தள்ளாடினார்.

கழுத்து வலி அதற்கு ஒரு வருஷம் முன்பே இருந்தது. அதை யார் நினைத்துப் பார்த்தது? வலி கழுத்தில், மரத்தது விரலில். எருக்கூடை, நெல்மூட்டை, அறுத்த கதிர்க்கட்டு என்று பதினேழு வயசிலிருந்து எல்லாம் அவர் தலையில்தான் ஏறியது. மற்றவர்கள் கட்டுவதைப்போல் ஒன்றரை மடங்கு பெரிதாகக் கட்டுவார். ஊரில் அதற்கு "அய்யாவு கட்டு" என்றே பெயர். அந்தப் பெயரில் அவருக்கு ஏகப் பெருமை. கழுத்து பிடித்துக்கொண்டால் சுளுக்கு எடுக்கிறவரிடம் போவார். அந்த ஆள் தலையை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடக்கென்று திருப்பிவிடுவார்.

நான் குத்திப் பார்த்தது ஒரு மத்தியானம், அவர் கண்ணயர்ந்திருந்தபோது. துணி தைக்கிற ஊசி. விரல் நுனியில் குத்தினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது, அவர் மூச்சு மாறவில்லை. ஊர் முழுக்கப் பிறகு எந்த வார்த்தையைச் சொன்னதோ, அந்த வார்த்தை அன்றைக்கே என் மனசில் வந்துவிட்டது. குஷ்டம். அன்று அவர் சாப்பிட்ட தட்டைத் தனியாகக் கழுவி வெயிலில் வைத்தேன். இருபது வருஷம் கூடப் படுத்து எழுந்தவள் செய்த காரியம் இது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அடுத்து என் நாத்தனார் குத்திப் பார்த்தாள். பிறகு சுளுக்கு எடுக்கிறவர். பிறகு தொழுநோய் கணக்கெடுக்க ஊருக்கு வந்த சுகாதாரத்துறைக்காரர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். உடம்பெல்லாம் புரட்டிப் பார்த்து, "தேமல் ஒண்ணும் இல்லையே, எனக்கு நிச்சயமாத் தெரியல. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க" என்று ஒழுங்காகத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் காதில், அவர் ஊசியை எடுத்ததும் இவர் கையை இழுக்காததும் மட்டும்தான் ஏறியது.

ஐந்தாவது குத்து டீக்கடையில். அவர் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்குமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, இவர் புறங்கையில் மெதுவாக இறக்கினான். இவர் முதலமைச்சர் பேச்சைப் படித்துக்கொண்டே இருந்தார். ஊக்கு கையில் நிற்கிறது, இவர் படிக்கிறார், கடை முழுக்கச் சிரிக்கிறது. சிரிப்பு எதற்கென்று தெரியாமல் அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். பிறகு குனிந்து பார்த்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து அவருக்கு டீ அலுமினியத் தம்ளரில் வந்தது. கண்ணாடி கிளாஸ் இல்லை. அந்தத் தம்ளர் கடையில் முன்பே இருந்ததுதான். அதுவரை அது யாருக்காகத் தனியாகத் தொங்கியது என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், கூட்டத்துக்குப் போய்க் கைதட்டிய அவருக்கும் தெரியும். அது எங்கள் பக்கம் வரும்வரை நாங்களும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதையும் என் கோபத்தில் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆறாவது ஆள் ரெத்தினம். ஊசியைக்கூடத் தேடவில்லை அவர். நடுத்தெருவில் நிறுத்தி, வேலியிலிருந்து கருவேல முள் ஒன்றை ஒடித்து, மாட்டைச் சோதிப்பதுபோல் இவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"தெரியுதா அய்யாவு?"

"தெரியுது" என்றார் இவர். பொய்.

"தெரியுதாம்" என்று கூட இருந்தவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு முள்ளைக் கீழே போட்டார் ரெத்தினம். ஒரு வாரத்தில் இன்னொரு மனு தாலுகா ஆபீஸுக்குப் போனது. 'மேற்படி அய்யாவு என்பவர் கை கால் விளங்காத நோயாளி. நிலத்தில் அவருடைய உடலுழைப்பு ஏதும் இல்லை. ஆகவே அவர் சாகுபடி செய்யும் குத்தகைக்காரர் ஆக மாட்டார்.' ஆபீஸ் பியூன் படித்துக் காட்டியபோது இவர் முகம் செத்துவிட்டது.

கார்த்திகை பிறந்ததும் நான் அவரை இழுத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் ஜெய்னுலாபுதீன். எங்கள் பக்கத்துப் பேச்சுதான் பேசினார், வயல் வாய்க்கால் தெரிந்தவர். ஏழாவது ஊசி அவருடையது. ஆனால் அவர் ஊசியோடு நிற்கவில்லை. ரப்பர் சுத்தியலால் முழங்காலில் லேசாகத் தட்டினார். கால் எகிறி, குனிந்திருந்த நர்ஸம்மாவின் கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டது. உள்ளங்காலில் சாவியால் கீறினார். கட்டைவிரல் மேலே விறைத்தது.

"அய்யாவு, தாடை நெஞ்சுல படுற மாதிரித் தலையைக் குனிங்க."

குனிந்தார். "அய்யோ" என்று நிமிர்ந்தார்.

"என்ன செய்யுது?"

"பம்புசெட்டுல ஷாக் அடிக்கிற மாதிரி முதுகோட ஓடுதுங்க. காலு வரைக்கும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இது குஷ்டம் இல்லம்மா. தோல்ல ஒரு குத்தமும் இல்ல. கையில, கால்லகூட ஒண்ணும் இல்ல. கோளாறு கழுத்துல."

"கழுத்துல இருந்தா விரல் ஏன் டாக்டர் மரக்குது?"

"உங்க ஊர்ல தலைமதகு அடைச்சுக்கிட்டா கடைமடை காயுமா காயாதா? காயுற எடத்துலயே மண்ணைக் கிளறிக்கிட்டு இருந்தா தண்ணி வருமா?" என்றார். "முதுகெலும்பு ஒரே எலும்பு இல்ல. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கு. நடுவுல மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கும். இவருக்குக் கழுத்துல அந்தச் சவ்வு பிதுங்கி, உள்ளே போற தண்டுவடத்தை அழுத்துது. கைக்கும் காலுக்கும் போற நரம்பு எல்லாம் அது வழியாத்தான் போகணும். அழுத்தம் கொஞ்சமா இருந்தா ஊர்ற மாதிரி இருக்கும். அதிகமானா மரக்கும். இன்னும் அதிகமானா விளங்காமப் போயிடும். ஒண்ணுக்குப் போறதுகூட நின்னுடும். தலையில சுமை தூக்குவாரா?"

நான் சொன்னேன். அய்யாவு கட்டைப் பற்றியும் சொன்னேன், சுளுக்கு எடுக்கிறவரைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"இன்னிக்கே படுக்கணும். கழுத்துக்கு எடை கட்டி இழுத்துப் பார்ப்போம். குறையலேன்னா மெட்ராஸுக்கு எழுதித் தர்றேன், ஆபரேஷன். இனிமே தலையில ஒரு குடம் தண்ணிகூட ஏறக் கூடாது."

குஷ்டம் இல்லை என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷன் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை.

"தை அறுப்பு முடிஞ்சு வர்றேங்க" என்றார்.

"என்னது?"

"நான் ஆஸ்பத்திரியில படுத்தா, கை கால் விளங்காதவன்னு மனுவில எழுதினது உண்மையாப் போயிடும். தாசில்தார் வர்றப்ப நான் வயல்ல நிக்கணும்."

டாக்டர் கத்தினார். நான் கத்தினேன். கேட்பாரில்லை. கடைசியில் டாக்டர் ஒரு சீட்டில் எல்லாவற்றையும் எழுதி, ஒரு கழுத்துப் பட்டையையும் கொடுத்து, "நாள் போகப் போக நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பஸ்ஸில் வரும்போது இவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தச் சீட்டை எவன் கண்ணுலயும் காட்டாதே. அதுல நான் உழைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. அதைப் பார்த்தா ரெத்தினம் கொட்டு கொட்டி ஆடுவான்."

"குஷ்டம் இல்லேன்னும் அதுல எழுதியிருக்குங்க. அதையாவது நாலு பேருக்குக் காட்டலாமே?"

"குஷ்டக்காரன்னு சொன்னாச் சொல்லிட்டுப் போறானுங்க. நெலம் போனா?"

சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அதன்பிறகு பத்து மா நிலத்தையும் பார்த்தது யார் என்று கேட்கிறீர்களா? கார்த்திகை மழையில் வடக்குப் பக்க வரப்பு உடைந்து, பயிர் மூழ்கியது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அடைத்தது நான். வடிகால் வெட்டி விட்டது நான். நண்டு வளைகளைத் தேடித் தேடி மண் அப்பியது நான். எரு தூவியது, மடை மாற்றியது, களை பறித்தது எல்லாம் நான். எங்கள் தெருவில் பெண்பிள்ளை களை பறிக்கலாம், நடலாம், அறுக்கலாம். மண்வெட்டி பிடிக்கக் கூடாது. பிடித்தால் அந்த வீட்டு ஆம்பிளை செத்தவன் என்று அர்த்தம். அதனால் நான் சோற்றுத் தூக்கோடு போவேன், அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவளைப்போல. வரப்பில் அவர் நிற்பார், நான் இறங்கி வெட்டுவேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால், "இப்படியா மண்ணை எடுத்துக் கொடுக்கிறது, தள்ளு" என்று என்னை அதட்டுவார்.

சாயங்காலம் திரும்பும்போது மண்வெட்டி என் கையில் வரும். தெருமுனை வந்ததும் நிற்பார். நான் அதைக் கழுவி அவர் தோளில் தூக்கி வைக்க வேண்டும், விரல்களை மடக்கிக் காம்பைப் பிடித்துவிடவும் வேண்டும். அவர் விரலால் அது முடியாது. பிறகு அவர் முன்னால் நடப்பார். நான் காலித் தூக்கை ஆட்டிக்கொண்டு பத்தடி பின்னால் போவேன். என் இடுப்பு விட்டுப்போயிருக்கும், உள்ளங்கை கொப்புளம் உடைந்து எரியும்.

"ஏங்க, அந்த டாக்டர் கழுத்துல எதையும் வைக்கக் கூடாதுன்னாரு" என்பேன்.

"தலையிலதான் வைக்கக் கூடாதுன்னாரு" என்பார்.

மார்கழியில் அவரால் பிடிமானம் இல்லாமல் படி இறங்க முடியவில்லை. கழுத்துப் பட்டையைப் போடச் சொன்னால் கண்ணை உருட்டுவார். எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது என்று சொன்னால் அது பாதிதான். எரிச்சல்தான் அதிகம். என் உழைப்பைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு தெருவில் நடக்கிற மனுஷனுக்கு, அந்த நடையே எமனாக வருகிறது என்று புரியவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தை இருபத்திரண்டாம் தேதி ஜீப் வந்தது. காலை பத்து மணி. அறுப்பு நடந்துகொண்டிருந்தது. குஷ்டக்காரன் வயல் என்று கூலிக்கு வர எல்லோரும் மறுத்தபோது, நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கூட்டி வரும் செவ்வந்தி மட்டும் தன் ஆட்கள் எட்டுப் பேரோடு வந்து இறங்கியிருந்தாள். களத்துக்குப் போகும் தடத்தில் ஊரே நின்றது. வேடிக்கை பார்க்க மட்டும் யாருக்கும் நோய் பயம் இல்லை. ரெத்தினம் வெள்ளை வேட்டியில் வந்தார். மெட்ராஸிலிருந்து பஞ்சாபகேசனும் வந்து குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். எங்களைப் பார்த்து, "எல்லாம் சௌக்கியமா?" என்றார். நான் அரிவாளோடு கதிரில் குனிந்தேன்.

தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்து மனுவைப் புரட்டினார். அவர் கேட்பதற்கு முன்பே ரெத்தினம் ஆரம்பித்தார்.

"விசாரணையே வேணாமுங்க. பார்த்தாலே தெரியும். ஊருக்குள்ள இவன் தூக்குற கட்டுக்குன்னு ஒரு பேரு உண்டு. அந்தக் கட்டைத் தூக்கிக் களத்துல போடட்டும். போட்டுட்டா நானே ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஆளுக்கு மூளை இருந்தது. எங்கே தட்டினால் இவர் எழுந்து ஆடுவார் என்று தெரிந்து தட்டினார்.

"அப்படியெல்லாம் சட்டத்துல இல்லய்யா" என்று தாசில்தார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் தலைத்துண்டைச் சும்மாடாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். விரல் மடங்கவில்லை, துண்டு இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாம் முறை எப்படியோ சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, அறுத்துக் கட்டியிருந்த கதிர்க்கட்டை நோக்கி நடந்தார். கால்கள் பின்னிக்கொண்டன. "தூக்கி விடுங்கடா" என்று பக்கத்தில் நின்ற இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவன்களும் பல்லிளித்துக்கொண்டு வந்தான்கள்.

தண்டுவடம் என்று டாக்டர் சொன்ன வார்த்தைதான் என் காதில் ஓடியது. நாற்பது கிலோ கதிர் அந்தக் கழுத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அந்தத் தடத்தில் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நான் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டின்மேல் உட்கார்ந்தேன்.

"எந்திரிடி" என்றார்.

"மாட்டேன்."

"தையலு, மானம் போகுது, எந்திரி."

"தூக்குறதுன்னா என்னையும் சேர்த்துத் தூக்குங்க. நீங்க இந்த எடத்துலயே விழுந்து கெடக்கிறதைப் பார்க்கிறதுக்கு நான் இதும்மேல ஒக்காந்தே செத்துப்போறேன்."

யாரோ சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவி, சீட்டை எடுத்துத் தாசில்தாரிடம் நீட்டினேன்.

"பாவி, கெடுத்துட்டியே!" என்று இவர் அலறினார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

தாசில்தார் சீட்டை மெதுவாகப் படித்தார். பிறகு கூட்டத்துக்குக் கேட்கும்படி, "இது தொத்துவியாதி இல்ல. கழுத்து எலும்புக் கோளாறு. பாரம் தூக்கினா மொடமாயிடுவார்னு எழுதியிருக்கு" என்றார். சிரிப்பு அடங்கியது. ஊக்கால் குத்தியவன் கூட்டத்தின் பின்னால் நகர்ந்தான்.

ரெத்தினத்துக்கு அது போதவில்லை. "பார்த்தீங்களா? அவங்களே ஒத்துக்கிட்டாங்க. கார்த்திகையிலேர்ந்து இவன் வேலை செய்யலேன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. எழுதிக்கிட்டுக் கெளம்புங்க."

"அப்ப இந்தப் பயிரை யார் பார்த்தது?" என்று தாசில்தார் கேட்டார்.

இவர் தரையைப் பார்த்தார்.

"நான்" என்றேன்.

"அறுக்கிறது கட்டுறதெல்லாம் சரிம்மா. வரப்பு, வடிகால், மடை?"

"எல்லாம் நான்தான். கேளுங்க, எந்த வரப்புல எங்க ஒடைப்பு, எத்தனை நண்டு வளைன்னு எல்லாம் சொல்றேன்."

ரெத்தினம் சத்தமாகச் சிரித்தார். "பொம்பளை மம்பட்டி பிடிச்சாளாம். குத்தகை யாரு பேருல கேக்குறாங்க, இவ பேருலயா?"

தாசில்தார் குமாஸ்தாவைப் பார்த்து, "சட்டத்துல இருக்கிற அந்த விளக்கத்தைப் படிங்க" என்றார். குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். சாகுபடி செய்யும் குத்தகைக்காரர் என்றால், சாகுபடியில் தன்னுடைய உடலுழைப்பையோ, தன் குடும்பத்தைச் சேர்ந்தவர் உடலுழைப்பையோ செலுத்துகிறவர்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "இன்னொரு தடவை படிங்க" என்றேன். படித்தார். குடும்பத்தைச் சேர்ந்தவர்.

நான் ரெத்தினத்தைப் பார்த்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அந்த முகத்திலிருந்தே தெரிந்தது, அந்த ஆளுக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். மைக்கில் கத்தியவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருத்தன், ஒரே ஒருத்தன், மூன்று மாதத்தில் வந்து, "உன் பொண்டாட்டி உழைச்சாலும் போதுமடா, நீ போய்ப் படு" என்று சொல்லவில்லை. எனக்கு அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி ஊரார் மூஞ்சியில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

"இந்தம்மா சொன்னா மட்டும் போதாது" என்றார் தாசில்தார். "மனுதாரர் வாக்குமூலம் குடுக்கணும். அய்யாவு, சொல்லுங்க. கார்த்திகையிலேர்ந்து நெலத்துல வேலை செஞ்சது உங்க மனைவியா?"

இவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. சுற்றிலும் அவர் வயசு ஆட்கள், அவர் கட்டைப் பார்த்து வாய் பிளந்தவர்கள், சின்ன வயசில் அவரோடு கட்டுத் தூக்கியவர்கள். ஆமாம் என்றால் நிலம் நிற்கும். ஆனால் அந்தத் தெருவில் அவர் அதோடு முடிந்தார். அவர் மனசுக்குள் அப்படித்தான் ஓடியிருக்கும். நான் வாயைத் திறந்து உதவி செய்யவில்லை. கெஞ்சவும் இல்லை. கட்டின்மேல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் இப்போதும் இல்லை என்று சொன்னால், நிலத்தோடு சேர்த்து நானும் போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டேன். அது சத்தியம்.

"சொல்லுங்க அய்யாவு. மணியாகுது."

சும்மாட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவதான்" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க."

"அவதாங்க செஞ்சா! வரப்பு அடைச்சது, வடிகால் வெட்டினது, எல்லாம் அவதான். நான் வரப்புல நின்னேன். மம்பட்டியைத் தெருமுனையில வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனேன். போதுமாய்யா? எழுதிக்குங்க!"

குமாஸ்தா எழுதினார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இவருக்கு இருந்திருக்கும். செவ்வந்தி மட்டும் அரிவாளை உதறிக்கொண்டு, "இதைச் சொல்றதுக்கா இந்தப் பாடு?" என்று சொல்லிவிட்டுக் கதிரில் குனிந்தாள். பஞ்சாபகேசன் குடையை மடக்கிக்கொண்டு காரைத் தேடிப் போனார். பெயரை ஏற்றுவதாகத் தாசில்தார் அங்கேயே உத்தரவு எழுதினார். ரெத்தினம் ஏதோ மேல்முறையீடு என்றார், கேட்க ஆளில்லை.

கட்டைச் செவ்வந்தியின் ஆட்கள் களத்தில் சேர்த்தார்கள். நான் போரடிக்கும்வரை இருக்கவில்லை. ஒரு மாற்றுச் சேலையும் அவர் வேட்டி ஒன்றையும் பையில் திணித்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸுக்கு அவரை நடத்திக் கூட்டிப்போனேன். மூன்று மைலுக்கு ஏழு இடத்தில் உட்கார்ந்தார். ஊர் முன்னால் தன்னைக் கீழே போட்டவள் என்ற கோபம் அவருக்கு. எனக்கு இருந்த கோபம் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் ஜெய்னுலாபுதீன் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். மறுபடியும் முழங்காலில் தட்டினார். கால் முன்பைவிடப் பயங்கரமாக உதறியது. விரல்களை விரிக்கச் சொன்னார், விரியவில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை வற்றியிருந்ததைத் தொட்டுப் பார்த்தார். தட்டி முடித்து நிமிர்ந்தவர் முகத்தில் நல்ல சேதி இல்லை.

"மெட்ராஸுக்கு எழுதித் தர்றேன். ஆபரேஷன் பண்ணினா இதுக்கு மேல போகாம நிறுத்தலாம். கால் கொஞ்சம் தேறும். கை போனது போனதுதான்னு வச்சுக்குங்க. கார்த்திகையிலயே படுத்திருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன். அன்னிக்கே அத்தனை கத்தினேனே, ஏன்யா இவ்வளவு நாள்?"

இவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேள்வி அவருக்கு. அவர் சொல்லட்டும் என்று பார்த்தேன். நர்ஸம்மாவும் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பொறுக்க முடியாமல் நானே சொன்னேன்.

"பொம்பளை செஞ்ச வேலைதான்னு வாயால சொல்ல இவருக்கு மூணு மாசம் ஆச்சு டாக்டர்."

டாக்டர் சீட்டைத் திருப்பிப் போட்டு, மெட்ராஸுக்கு எழுத ஆரம்பித்தார்.